மலைத்தோட்டத்தில் பழைய மர வேலிக்கால் பிடுங்குதல்: டிராக்டர் மக்கர் செய்யும் இடங்களும் தீர்வும்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கம் வேலி என்றால் பெரும்பாலும் தைலமரக் கால்தான். சில தோட்டங்களில் சீகைமரமும் (வாட்டில்) இருக்கும். பத்து வருடம் நின்ற கால் மேலே பார்க்க வைரம் பாய்ந்த மாதிரி தெரியும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் உள்ளுக்குள் உளுத்திருக்கும். அதைக் கவனிக்காமல் தலைப்பக்கம் சங்கிலி போட்டு இழுப்பதால்தான் பாதிக் கால்கள் முறிகின்றன.

இந்த வேலையில் டிராக்டரை ஓட்டி இழுக்கக் கூடாது. வண்டியை நிறுத்தி வைத்து, பின்பக்க ஹைட்ராலிக் லிஃப்டால் காலைத் தூக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

கால் பக்கம் போவதற்கு முன்

முள்கம்பியை முதலில் கழற்றுங்கள். விறைப்பாக நிற்கும் கம்பியை நடுவில் வெட்டினால் சாட்டை போலச் சுருண்டு முகத்தில் அடிக்கும். கடைசிக் காலில் தளர்த்திவிட்டு, யு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். சோலார் வேலியும் கூடவே ஓடினால் பெட்டியை அணைத்து விடுங்கள்.

ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கருப்பு ஹோஸ் வேலி ஓரமாகத்தான் பெரும்பாலும் புதைந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரின் ஹோஸும் அதே வழியில் போகலாம். கேட்டுக்கொண்டு கடப்பாரையை இறக்குங்கள். சர்வே கல், வனத்துறை எல்லைக்கல் எதையும் அசைக்க வேண்டாம். வேலிக்கால் அந்தக் கல்லை ஒட்டி நின்றால், அந்த ஒரு காலை மட்டும் கையாலேயே தோண்டி எடுங்கள்.

சங்கிலி விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கிரேடு 80 (சுமை தூக்குவதற்கென்றே செய்த எஃகு) சங்கிலியில் 8 மி.மீ. என்றால் 2,000 கிலோ, 10 மி.மீ. என்றால் 3,150 கிலோ பாதுகாப்புச் சுமை. மாடு கட்டும் சங்கிலி, கேட் பூட்டும் சங்கிலி, நைலான் கயிறு மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் கொக்கியோடு சேர்ந்து டிரைவரின் முதுகுக்கே வரும்.

கோளாறு 1: கால் ஆடுகிறது, ஆனால் மேலே வரவில்லை

ஆடுகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. அடியில் மண் இன்னும் கவ்விக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சங்கிலி நிற்கும் கோணத்தைப் பாருங்கள். டிராக்டரின் பின்னால் லிஃப்ட் தூக்கும் இரண்டு கீழ்க் கைகளுக்கும் (லோயர் லிங்க்) குறுக்கே மாட்டும் துளைப்பட்டை, காலிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சங்கிலி நேர் மேலே போக வேண்டும். டிராக்டர் இரண்டடி தள்ளி நின்றால் சங்கிலி சாய்ந்துவிடும். லிஃப்ட் தூக்கும்போது கால் மேலே வராமல் பக்கவாட்டில் வளையும். ரிவர்ஸ் எடுத்து ஒட்டி நிறுத்துங்கள்.

கோணம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் காலைச் சுற்றி நாலு பக்கமும் கடப்பாரையை முழங்கால் ஆழத்துக்கு இறக்கி நெம்புங்கள். லிஃப்ட் லிவரை விரல்கடை அளவு தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் கடப்பாரையால் காலைத் திருக வேண்டும். மறுபடி விரல்கடை அளவு தூக்க வேண்டும். திருகும்போது ‘சப்’பென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் அடியில் பிடி விட்டுவிட்டது. அதன்பிறகு கால் வழுக்கிக்கொண்டு வரும்.

இவ்வளவும் செய்து அசையாத மண் என்றால் அது காய்ந்த செம்மண். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கடப்பாரை போட்ட துளைகளில் மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் வாருங்கள். பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்து இந்த வேலையை வைத்துக்கொண்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம். அடியில் ஈரம் நிற்கும், மேலே டிராக்டர் தாங்கும்.

கோளாறு 2: தரைமட்டத்தில் முறிந்துவிட்டது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முறிவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஸ்குரூ டிரைவரையோ கத்தி முனையையோ மண் மட்டத்தில் நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. அங்கே சங்கிலி போடவே கூடாது. சுற்றிலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, கெட்டி மரம் தெரியும் இடத்தில் போடுங்கள். காற்றும் ஈரமும் சேரும் இடத்தில்தான் மரம் அழுகும். அதற்குக் கீழே பல கால்கள் நட்டபோது இருந்த மாதிரியே இருக்கும்.

ஏற்கெனவே முறிந்துவிட்டதா? செலவு குறைந்த வழியிலிருந்து ஆரம்பிப்போம்.

*கட்டை மேலே ஒரு விரல்கடையாவது தெரிகிறது.* ஒரு பக்கம் மட்டும் பிறைவடிவில் 30 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். முழுவதும் சுற்றித் தோண்டினால் வேலை இரட்டிப்பாகும். புதுக் கால் நடும்போது குழியும் தொளதொளவென்று இருக்கும். தோண்டிய பக்கமாகக் கடப்பாரையால் கட்டையைச் சாய்த்து, கெட்டி மரத்தில் சங்கிலிச் சுருக்கு மாட்டி லிஃப்டில் தூக்குங்கள்.

*சுருக்கு நிற்கவில்லை, மரம் நார்நாராக வருகிறது.* தோண்டிய குழிக்குள்ளிருந்தே கட்டையின் குறுக்கே 20 மி.மீ. துளை போட்டு, 16 மி.மீ. முறுக்குக் கம்பி ஒன்றரை அடி நீளத்துக்குச் செருகுங்கள். கம்பியின் இரண்டு முனையிலும் சங்கிலி மாட்டித் தூக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாட்டினால் கம்பி வளைந்து உருவிக்கொள்ளும். துளையை உளுத்த பாகத்துக்கு ஒரு சாண் கீழே போடுங்கள்.

கட்டையின் தலையில் நேராக வளையமுள்ள ஸ்குரூவை இறக்கித் தூக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஸ்குரூவுக்குப் பிடிப்பு குறைவு. சுற்றி மண்ணை நன்றாக இளக்கியபிறகு, நடுத்தண்டு கெட்டியாக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

*கட்டையே தெரியவில்லை, மண்ணுக்குள் போய்விட்டது.* இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அதை எடுத்தே ஆக வேண்டுமா? வேலி வரிசையில்தான் இருக்கிறது, அங்கே உழவு இல்லை என்றால் விட்டுவிடுங்கள். புதுக் காலை ஒன்றரை அடி தள்ளி நடலாம். கேரட், பூண்டு போடும் பாத்திக்குள் இருக்கிறது என்றால் விடக் கூடாது. பவர் டில்லர் பிளேடு அதில் மோதினால் பிளேடு வளையும், சில சமயம் போல்ட்டும் தெறிக்கும். அங்கே ஆப்பு அடித்துக் கட்டையைப் பிளந்து, துண்டுதுண்டாகக் கடப்பாரையால் எடுங்கள். முழுவதும் வராவிட்டாலும் தரையிலிருந்து ஒரு அடிக்குக் கீழே போய்விட்டால் போதும், டில்லர் அந்த ஆழத்துக்கு வராது.

கோளாறு 3: சங்கிலி வழுக்கி மேலே ஏறுகிறது

சுற்று போதவில்லை. இரண்டு சுற்று சுற்றி, தன்னைத்தானே இறுக்கும் சுருக்காகப் போடுங்கள். ஈரமான தைலமரம் பட்டை உரிந்து வழவழவென்று இருக்கும். சங்கிலி உட்காரும் இடத்தில் அரிவாளால் 2 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். அதற்குச் சற்று மேலே 4 அங்குல ஆணி இரண்டு அடித்தால் சங்கிலி அங்கேயே நிற்கும். சங்கிலி மரத்துக்குள் நசுங்கி இறங்கினால் அது உளுத்த மரம், கோளாறு 2-க்குப் போங்கள்.

கோளாறு 4: பாதி வந்து நின்றுவிட்டது

லிஃப்ட் உச்சிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். மினி டிராக்டர் லிஃப்டின் வீச்சு, இரண்டடிக்கு மேல் புதைந்த காலை ஒரே தூக்கில் எடுக்கப் போதாது. லிவரை இறக்குவதற்கு முன் காலின் பக்கவாட்டில் கல்லையோ கட்டையையோ முட்டுக்கொடுத்து, கால் திரும்பக் குழிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சங்கிலியைக் கீழே இறக்கி மாட்டி மறுபடி தூக்குங்கள். தொங்கும் காலுக்கு அடியில் கை விட்டு மண் எடுப்பது கூடவே கூடாது.

லிஃப்டில் இன்னும் இடமிருந்தும் நின்றுவிட்டது என்றால் அடியில் ஏதோ கொக்கி போட்டிருக்கிறது. சில வேலிகளில் காலின் அடியில் குறுக்குக் கட்டை அறைந்திருப்பார்கள், காட்டுமாடு முட்டினால் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. சிலவற்றில் மரத்தின் பருத்த அடிப்பக்கம் கீழே போயிருக்கும். சுற்றிலும் சல்லிக்கல் திணித்து இறுக்கியிருப்பதும் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே. ஒரு பக்கம் அடிவரை தோண்டி, அந்தப் பக்கமாகக் காலைச் சாய்த்து எடுப்பதுதான். லிவரை மேலும் இழுத்துப் பலன் இல்லை.

கோளாறு 5: லிஃப்ட் தூக்கவில்லை, ‘கீச்’சென்று சத்தம்

சத்தம் வந்தால் லிவரை உடனே இறக்குங்கள். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்கிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் சூடேறி, பம்ப் அடிவாங்கும். 15 முதல் 24 எச்.பி. வரையுள்ள மினி டிராக்டர்கள் சுமார் 750 கிலோ தூக்கும். அதுவும் லிங்க் முனையில்தான். சங்கிலியை அதற்குப் பின்னால் தள்ளி மாட்டினால் அந்தக் கணக்கும் குறையும். சுமைதான் அதிகம் என்றால் மண்ணை இளக்குங்கள், டிராக்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

சுமையே இல்லாமலும் லிஃப்ட் மந்தமாக ஏறினால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. லிவர் டிராஃப்டில் (உழவின் இழுவைக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்கும் நிலை) இருக்கிறதா? பொசிஷனுக்கு (லிவர் வைத்த உயரத்தில் நிற்கும் நிலை) மாற்றுங்கள்.
2. எண்ணெய் அளவு. சரிவில் நிறுத்தி அளவுகுச்சி பார்த்தால் தப்பாகக் காட்டும். சமதளத்தில் பாருங்கள்.
3. எண்ணெயின் நிறம். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மழையில் நனைய நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம். எண்ணெயை முழுவதும் மாற்ற வேண்டும்.
4. ஹைட்ராலிக் ஃபில்டர்.

இது நான்கும் சரியாக இருந்து, தூக்கிய சுமை எஞ்சினை நிறுத்தியதும் கடகடவென்று இறங்கினால் லிஃப்ட் சிலிண்டரின் ஓ ரிங் அல்லது வால்வு போயிருக்கலாம். ஏறுவதே இல்லை என்றால் பம்ப். இரண்டும் மெக்கானிக் வேலை. தோட்டத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனால் புது பம்பும் கெட்டுவிடும்.

கோளாறு 6: பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

அப்படியானால் நீங்கள் ஓட்டி இழுக்கிறீர்கள். லிஃப்டுக்கு மாறுங்கள். லிஃப்டுக்கு வழியே இல்லாத இடம் என்றால் பழைய ஜீப் சக்கரம் ஒன்றை, டயரும் ரிம்முமாக, காலை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். காலின் அடியில் சங்கிலி மாட்டி, டயரின் உச்சி வழியாக எடுத்து, டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில் (டிராபார்) மாட்டுங்கள். லோ கியரில் மெதுவாக நகரும்போது டயர் உருளும், சங்கிலி காலை மேல்நோக்கித் தூக்கும். சங்கிலி விறைத்ததும் டயரைப் பிடித்திருப்பவர் விலகிவிட வேண்டும், சங்கிலி நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு. சங்கிலியின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும்.

மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனியோ பனியோ இருக்கும்போது சக்கரம் பிடிக்காது. வெயில் ஏறி பத்து மணிக்குமேல் ஆரம்பியுங்கள். டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுற்ற வைப்பது) போட்டு நேராக மட்டும் நகருங்கள், திருப்ப வேண்டாம்.

கோளாறு 7: முன் சக்கரம் எழும்புகிறது

இங்கே யோசிக்க நேரம் கிடையாது. அதனால் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

*லிவரால் தூக்கும்போது எழும்பினால்:* லிவரை இறக்குங்கள், முன்பக்கம் தானாக அமரும். காலின் பிடி வண்டியின் எடையைவிட அதிகம் என்று அர்த்தம். மண்ணை இளக்குங்கள். முன்பக்க வெயிட் இருந்தால் மாட்டுங்கள். ஆட்களை முன்னால் உட்கார வைத்து எடை ஏற்றுவது சில தோட்டங்களில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

*கியரில் ஓட்டி இழுக்கும்போது எழும்பினால்:* அந்த நொடியே கிளட்சை மிதியுங்கள். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் முடிந்தது. வண்டி பின்னோக்கிக் கவிழ ஒன்றிரண்டு வினாடி போதும். டிரைவர் அடியில் மாட்டிக்கொள்வார்.

இப்படி நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், சங்கிலியை உயரத்தில் மாட்டியது. டாப் லிங்க் (மேல் கை) மாட்டும் பிராக்கெட்டிலோ சீட்டுக்கு அடியிலோ ஆக்ஸிலைச் சுற்றியோ மாட்டி ஓட்டி இழுப்பது உயிரோடு விளையாடுவது. ஓட்டி இழுத்தால் டிராபார் மட்டும்தான், அதுவும் அதன் தாழ்ந்த நிலையில். லோயர் லிங்க்கில் மாட்டிவிட்டுத் தூக்கிய நிலையிலேயே வண்டியை நகர்த்துவதும் அதே ஆபத்துதான். லிங்க்கில் மாட்டினால் வண்டி நிற்க வேண்டும், நியூட்ரலில், பிரேக் லாக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து.

மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டி இன்னும் சீக்கிரம் கவிழும். குறுக்குச் சரிவில் பக்கவாட்டில் உருளும். அடுக்கு நிலத்தில் சமமான தட்டில் மட்டும் நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து, தட்டைத் தாங்கும் கல்கட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது உள்ளே இருக்க வேண்டும். ஆறடிக் கல்கட்டு என்றால் சக்கரம் ஆறடி உள்ளே. மழை பெய்து ஊறிய கட்டு என்றால் இன்னும் தள்ளி.

அந்த இடம் கிடைக்கவில்லையா? டிராக்டரை விடுங்கள். போர் மோட்டார் தூக்கும் முக்காலியும் 2 டன் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுத்து வந்தால், எந்தச் சரிவிலும் இரண்டு பேர் நின்று கால் பிடுங்கலாம். முக்காலியின் கால்கள் சறுக்காமல் குழி பறித்து ஊன்றினால் போதும். குறுகலான தட்டுகளில் இதுதான் முதல் வழி என்றே சொல்லலாம்.

கோளாறு 8: காலைச் சுற்றி காங்கிரீட்

ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழம் என்றால் காங்கிரீட் மட்டுமே 130 கிலோ வரும். மண்ணின் பிடி அதற்கு மேல். மினி டிராக்டர் தூக்கிவிடும், ஆனால் உளுத்த மரம் தாங்காது. மரம் மட்டும் உருவிக்கொண்டு வந்து காங்கிரீட் உள்ளேயே நிற்கும். சங்கிலியை மரத்தில் போடாமல், ஒரு பக்கம் தோண்டி காங்கிரீட்டுக்கு அடியில் சுற்றுங்கள். அல்லது சம்மட்டியால் மூலையிலிருந்து உடைத்து எடுங்கள்.

கோளாறு 9: கால் துளிர்த்துவிட்டது

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்ட வேலிகளில் முள்முருங்கைப் போத்து (வெட்டி நடும் கிளை) நட்டிருப்பார்கள். அது வேர்விட்டு மரமாகிவிடும். வேரை வெட்டாமல் சங்கிலி போட்டால் லிஃப்ட்தான் திணறும். சுற்றிலும் இரண்டடி தள்ளி மண்வெட்டியால் பக்கவேர்களை அறுத்துவிட்டு, ஒரு மழைக்குப் பிறகு தூக்குங்கள். பெரிய மரமாகிவிட்டது என்றால் வெட்டுவதற்கு முன் வனத்துறையில் கேளுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது. பட்டா நிலம் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது.

கோளாறு 10: மூலைக்கால் எதற்கும் மசியவில்லை

மூலைக்கால் மூன்றடி ஆழம் போகும், முட்டுக்கட்டையும் இருக்கும். முட்டுக்கட்டையை முதலில் எடுங்கள். அதை விட்டுவிட்டுத் தூக்கினால் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள். 20 செ.மீ.க்கு மேல் பருமனாக இருந்து, இளக்கியும் வரவில்லை என்றால் 45 எச்.பி. வண்டியோ செயின் பிளாக்கோ கூப்பிடுங்கள். ஜேசிபி வைத்து எடுக்கலாம் என்று தோன்றும். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கொடைக்கானலிலும் கட்டுப்பாடு உண்டு. ஒரு காலுக்காக வண்டி பறிமுதல் ஆக வேண்டாம். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியை ஒட்டி நிற்கும் காலை மட்டும் யாரும் தொடக் கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லி அவர்கள் வந்தபிறகு எடுங்கள்.

பிடுங்கிய பிறகு

ஒரு சாண் அகலம், இரண்டடி ஆழக் குழிக்கு 25 லிட்டர் அளவு மண் வேண்டும். அரையடிக்கு ஒருமுறை கடப்பாரையின் தலையால் இடித்து நிரப்புங்கள். தொளதொளவென்று விட்டால் முதல் மழையிலேயே இறங்கும், கன்றுக்குட்டி கால் வைத்தால் ஒடியும்.

பழைய கால் வெட்டிய இடத்தில் பச்சை ஓடியிருந்தால் அது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். குளிருக்கு அதை அடுப்பில் வைக்கக் கூடாது. புகையும் விஷம், சாம்பலும் விஷம். அந்தச் சாம்பலைப் பூண்டுப் பாத்தியில் போடவே கூடாது. மருந்து ஏற்றாத தைலமரம் விறகுக்கு நல்லது. யு ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்கிவிட்டு அடுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்து அறுக்கும் ரம்பம் பல் போகும்.

ஒரு நாளில் எத்தனை கால் பிடுங்குவது என்பதைக் காலையிலேயே தீர்மானித்துவிடுங்கள். மாலைக்குள் எத்தனை புதுக் கால் நட்டுக் கம்பி இழுக்க முடியுமோ, அத்தனை மட்டும். ஒரே ஒரு இடைவெளி இருந்தாலும் காட்டுமாடும் பன்றியும் அந்த இரவே கண்டுபிடித்துவிடும். கேரட் பாத்தி விடிவதற்குள் உழுத மாதிரி ஆகிவிடும்.